கசியாத குடம்

மாதத்தின் முதல் சனிக்கிழமை. ஈப்போ, புந்தோங் வட்டாரத்தில் ஒரு மளிகைக் கடை. பணம் செலுத்தும் வரிசையில் ஒரு பாட்டி நிற்கிறார். அவருடைய கையில் பழைய துணிப்பை. பைக்குள் பத்திரமாக மைகாட். பக்கத்தில் நான்காம் படிவம் பயிலும் பேத்தி கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“பாட்டி, அரிசி, எண்ணெய், முட்டை எல்லாம் எடுத்தாச்சு. தம்பிக்கு ரொட்டியும் எடுத்துட்டேன். வேற என்ன வேணும்?”

“மிச்சம் இருந்தா ஒரு சவுக்காரம் எடும்மா.”

அப்போது வாசலோரம் நின்றிருந்த ஒருவர் மெல்ல அருகில் வந்தார். “பாட்டி, எதுக்குச் சிரமம்? உங்க கார்டைக் கொடுங்க. நூறு வெள்ளிக்கு நான் சாமான் எடுத்துக்கறேன். உங்களுக்கு எழுபது வெள்ளி ரொக்கமா கையில தந்துடறேன்.”

பாட்டி அவரை நிமிர்ந்து பார்த்தார். “அப்படின்னா என் பேரப்பிள்ளைங்க சோத்துல முப்பது வெள்ளி உனக்கா, தம்பி? வேணாம்பா. போயிட்டு வா.”

வீடு திரும்பும் வழியில் பேத்தி கேட்டாள்: “பாட்டி, நம்ம பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் ஏன் இந்த உதவி கிடைக்கல? அவங்க நம்மளவிடக் கஷ்டப்படறாங்களே.”

“அவளுக்கு ஐசி இல்லம்மா.”

“இங்கதானே பொறந்தாங்க?”

“இங்கதான். தோட்டத்து லயத்துல பொறந்தவ. பெத்தவங்க பேர் பதியாம விட்டுட்டாங்க. யாரு எடுத்துச் சொன்னா அப்போ?” பாட்டி பெருமூச்சு விட்டார். சற்று நேரம் கழித்து, “இந்தப் பையைப் பாரு. நூறு வெள்ளிக்கு ரெண்டு கையாலயும் தூக்க முடியாத அளவுக்குச் சாமான் வாங்கின காலம் உண்டு. இப்போ ஒரு கையே போதுது” என்றார்.

மாணவர்களே, இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனாலும், அரசு ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கும் உணவு உதவி எந்தெந்த வழிகளில் குறைந்து போகக்கூடும் என்பதை இது காட்டுகிறது. தோட்டத்தில் பொதுக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். குடம் எவ்வளவு பெரியது என்பது மட்டும் முக்கியமன்று. அது ஒழுகாமல் வீடு வந்து சேர வேண்டும். உணவு உதவியும் அப்படித்தான். அந்தக் குடத்தில் விழக்கூடிய மூன்று ஓட்டைகளையும் அவற்றை அடைக்கும் வழிகளையும் இப்பாடத்தில் காண்போம்.

தோட்டத்திலிருந்து பட்டணத்திற்கு

பேரா மாநிலத்தின் வரலாற்றில் ஈயத்திற்கும் இரப்பருக்கும் தனி இடமுண்டு. ஈப்போவையும் சுங்கை சிப்புட்டையும் சுற்றிப் பரந்திருந்த இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் பல தலைமுறைகளாக உழைத்தனர். அங்கே கூலி குறைவு. ஆயினும் வேலையோடு சேர்ந்தே லயத்து வீடும் தண்ணீரும் தமிழ்ப்பள்ளியும் கிடைத்தன. வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கீரையும் வளர்ந்தன. சிலர் மாடு வளர்த்தனர். சம்பள நாள்வரை தோட்டத்துக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கலாம். கணக்கை ஒரு சிறிய 555 புத்தகத்தில் எழுதி வைப்பார்கள்.

1950களின் இறுதியிலிருந்து பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது இந்த வாழ்க்கை ஆட்டங்கண்டது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் சேமித்துத் தோட்டங்களைத் தாங்களே வாங்குவது அதன் நோக்கம். அச்சங்கம் பல தோட்டங்களைக் காத்தது. என்றாலும், பின்னாளில் இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல பட்டணத்தின் மலிவு விலை வீடுகளில் குடியேறின.

வேலை போனபோது கூலி மட்டும் போகவில்லை. வீடு, கீரைப் பாத்தி, கடன் தரும் கடை, துன்பத்தில் கைகொடுக்கும் அண்டை வீட்டார் எல்லாமே ஒரே நாளில் கைவிட்டுப் போயின. அடுக்குமாடி வீட்டில் ஒரு கொத்து கறிவேப்பிலைக்கும் காசு கொடுக்க வேண்டும். எனவே, முன்னாள் தோட்டக் குடும்பங்களுக்கு உணவுப் பொருளின் விலை ஏற்றம் மற்றவர்களைவிடக் கூடுதலான சுமையாகிறது. அரசின் உணவு உதவி அவர்களுக்கு ஏன் தேவைப்படுகிறது என்பது இப்போது விளங்கும்.

குடத்தில் இருப்பது என்ன?

நம் நாட்டில் உணவு உதவி பல வடிவங்களில் மக்களைச் சென்றடைகிறது.

முதலாவது, பள்ளியில் கிடைக்கும் உணவு. ஏழைக் குடும்பத்து ஆரம்பப்பள்ளி மாணவர்களுக்காகக் கல்வி அமைச்சு நடத்தும் கூடுதல் உணவுத் திட்டம் 1970களின் பிற்பகுதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. பசியோடு வகுப்பில் அமரும் குழந்தையின் காதில் பாடம் ஏறாது என்பதே அதன் அடிப்படை. 

இரண்டாவது, விலைக் கட்டுப்பாடும் உதவித்தொகையும். ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 ரிங்கிட் 50 சென்னுக்கு விற்கப்படுகிறது. அடக்க விலைக்கும் இந்த விலைக்கும் உள்ள வேறுபாட்டை அரசு ஏற்றுக்கொள்கிறது. உள்நாட்டு வெள்ளை அரிசிக்கும் உச்சவரம்பு விலை உண்டு. கிலோவுக்கு 2 ரிங்கிட் 60 சென்.

மூன்றாவது, குடும்பங்களுக்கு நேரடியாகச் செல்லும் உதவி. எஸ்.டி.ஆர். எனப்படும் ரஹ்மா ரொக்க உதவி வங்கிக் கணக்கில் சேர்கிறது. சாரா எனப்படும் ரஹ்மா அடிப்படை உதவி ரொக்கமாக வருவதில்லை. அது மைகாட்டில் வரவு வைக்கப்படுகிறது. பதிவு பெற்ற கடையில் மைகாட்டைக் கொடுத்து அரிசி, முட்டை, எண்ணெய், ரொட்டி போன்ற அத்தியாவசியப் பொருள்களை வாங்கிக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் மாதம் முதல் சாரா உதவி ஏறக்குறைய 54 இலட்சம் பேருக்கு விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் அனைவருக்கும் ஒருமுறை வழங்கும் 100 ரிங்கிட் உதவியும் இதே முறையில் அளிக்கப்பட்டது.

இவை அனைத்தும் மக்கள் செலுத்தும் வரியிலிருந்தும் நாட்டின் வளத்திலிருந்தும் வருபவை. வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவிய பாட்டியின் உழைப்பும் அந்த வளத்தில் அடங்கும். ஆகவே, உணவு உதவியைப் பிச்சை என்று கருதுவது தவறு. அது ஒரு சமுதாயம் தன் மக்களுக்குச் செய்யும் கடமை.

முதல் ஓட்டை: களவும் முறைகேடும்

கண்ணுக்குத் தெரியும் ஓட்டை இதுதான். கடை வாசலில் நின்றவர் பாட்டியிடம் பேசிய பேரத்தை நினைத்துப் பாருங்கள். சாரா உதவியை ரொக்கமாக மாற்றுவது விதிக்கு முரணானது. அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, இழப்பு யாருக்கு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். அவர் எடுத்துக்கொள்ள நினைத்த 30 ரிங்கிட்டுக்கு உச்சவரம்பு விலையில் பதினொரு கிலோவுக்கும் மேற்பட்ட உள்நாட்டு வெள்ளை அரிசி வாங்கலாம். ஒரு சிறிய குடும்பத்திற்கு அது பல நாள் சோறு.

எண்ணெய்ப் பாக்கெட்டின் கதையும் இதைப் போன்றதே. அது வீட்டுச் சமையலுக்கென்று மலிவாக விற்கப்படுவது. அதைப் பெட்டி பெட்டியாக வாங்கி வணிகத்திற்குப் பயன்படுத்தினாலோ, எல்லை தாண்டிக் கடத்தினாலோ, கடையில் ஏழைக்கு எஞ்சுவது காலித் தட்டுதான். இத்தகைய செயல்களைத் தடுக்க 1961ஆம் ஆண்டின் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ளது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அமலாக்க அதிகாரிகள் கடைகளையும் கிடங்குகளையும் சோதனை செய்கின்றனர். 

ஆனால், அதிகாரிகள் எல்லாக் கடைகளிலும் எந்நேரமும் நிற்க முடியாது. நேர்மையான கடைக்காரரும் விழிப்பான வாடிக்கையாளருமே முதல் காவலர்கள். பொருளின் விலையைப் பார்த்து வாங்குவது, ரசீதைக் கேட்டுப் பெறுவது, மைகாட்டைப் பிறரிடம் விட்டுவைக்காமல் இருப்பது, முறைகேட்டைக் கண்டால் அமைச்சிடம் புகார் செய்வது ஆகியவை ஒவ்வொருவராலும் செய்யக்கூடியவை.

இரண்டாம் ஓட்டை: விடுபட்டவர்கள்

தகுதியற்றவர் உதவி பெற்றால் செய்தித்தாளில் செய்தி வரும். தகுதியுள்ளவர் உதவி பெறாமல் விடுபட்டால் செய்தி வருவதில்லை. அதனால்தான் இந்த ஓட்டை நம் கண்ணில் படுவதில்லை. “சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும்” என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அரசு உதவியை அறிவித்துவிட்ட பிறகும் ஒருவர் அதைப் பெற முடியாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு.

ஒன்று, ஏழை யார் என்று அளக்கும் கோல். நம் நாட்டின் வறுமைக்கோட்டு வருமானம் முன்பு மாதம் 980 ரிங்கிட் என்ற அளவில் இருந்தது. அந்தக் கணக்கின்படி 2016ஆம் ஆண்டில் வறுமை விகிதம் வெறும் 0.4 விழுக்காடு. 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாட்டுச் சபையின் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மலேசியாவுக்கு வந்தபோது, இந்தக் கோடு உண்மை நிலையைக் காட்டவில்லை என்று சுட்டிக்காட்டினார். 2020ஆம் ஆண்டில் அரசு புதிய அளவுகோலை அறிவித்தது. 2019ஆம் ஆண்டுக்கான வறுமைக்கோட்டு வருமானம் 2,208 ரிங்கிட் என நிர்ணயிக்கப்பட்டது. புதிய முறையில் மீண்டும் கணக்கிட்டபோது, அதே 2016ஆம் ஆண்டின் வறுமை விகிதம் 7.6 விழுக்காடு என்று தெரியவந்தது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். ஆண்டு ஒன்றே, மக்களும் அவர்களே, அவர்களுடைய வருமானமும் மாறவில்லை. மாறியது அளவுகோல் மட்டுமே. பழைய கோடு கணக்கில் சேர்க்காத குடும்பங்கள் அன்றும் பசியோடுதான் இருந்தன. ஆகவே, சரியாக அளப்பதும் உணவு உதவியைக் காக்கும் ஒரு வழியாகும்.

இன்னொன்று, ஆவணம். பக்கத்து வீட்டு அக்காவின் நிலை இதுதான். தோட்டத்தில் வீட்டிலேயே நடந்த பேறுகால நிகழ்வுகளும் பதிவு செய்யப்படாத திருமணங்களும் பலரைப் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களாக ஆக்கின. சான்றிதழ் இல்லாவிட்டால் அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாவிட்டால் உதவியும் இல்லை. தாயின் குறை பிள்ளையின் தலையிலும் விழுகிறது. இந்தியச் சமூகத்தில் ஆவணமின்றி இருப்போரைப் பதிவு செய்ய 2011 பிப்ரவரியில் ‘மைடாஃப்தார்’ இயக்கம் நாடு முழுவதும் நடத்தப்பட்டது. பலர் முன்வந்து பெயர் கொடுத்தனர். ஆயினும், ஆவணச் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

மூன்றாவது காரணம் வெட்கம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு மாணவனை நண்பர்கள் “இலவசச் சாப்பாடு” என்று கேலி செய்தால், மறுநாள் அவன் உணவு வாங்க வரமாட்டான். பட்டியலில் அவன் பெயர் இருக்கும். தட்டில் உணவும் இருக்கும். சாப்பிட ஆள்தான் இருக்காது. ஒரு சொல்லே உதவியில் ஓட்டை போட்டுவிடும்.

இந்த ஓட்டையை அடைப்பதற்குத் தமிழ்நாடு ஒரு வழியைக் காட்டுகிறது. 1997ஆம் ஆண்டில் இந்திய அரசு, நியாயவிலைக் கடைகளில் மலிவு விலைத் தானியத்தை வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முன்னுரிமை தந்து வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடோ, அனைவருக்கும் பொதுவான விநியோக முறையையே தொடர்ந்து பின்பற்றியது. 1956ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டது. வகுப்பில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும்போது, யார் ஏழை என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆனால், அனைவருக்கும் கொடுப்பதற்குச் செலவு மிகுதி. தேவைப்படுவோருக்கு மட்டும் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால், சிலர் விடுபடக்கூடும். இரண்டு முறைகளிலும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. நம் நாடு இரண்டையுமே கையாள்கிறது. மாதாந்தரச் சாரா உதவி தகுதியுள்ளோருக்கு மட்டும். 2025ஆம் ஆண்டின் 100 ரிங்கிட் உதவி வயது வந்த குடிமக்கள் அனைவருக்கும். எந்த முறையைப் பின்பற்றினாலும், “யார் விடுபட்டார்கள்?” என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாம் ஓட்டை: மதிப்புக் குறைவு

பாட்டி சொன்ன பையின் கதைக்கு வருவோம். உதவித்தொகை அப்படியே இருக்க, பொருள்களின் விலை மட்டும் ஏறினால் என்ன ஆகும்? எண் குறையாது, உணவு குறையும். யாரும் திருடவில்லை, யாரும் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை. ஆனாலும் பை இலேசாகிவிடுகிறது.

பள்ளி உணவிலும் இதைக் காணலாம். கூடுதல் உணவுத் திட்டத்தில் தீபகற்ப மலேசிய மாணவர் ஒருவரின் ஒருவேளை உணவுக்கு 2 ரிங்கிட் 50 சென் ஒதுக்கப்பட்டு வந்தது. முட்டை, கோழி, காய்கறி எல்லாம் விலை ஏறிய பிறகும் அதே தொகைக்குச் சமைக்க வேண்டுமென்றால், தட்டில் கோழித்துண்டு சிறுத்துவிடும். பழம் காணாமல் போகும். இதை உணர்ந்தே 2023ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அத்தொகையை 3 ரிங்கிட் 50 சென்னாக உயர்த்த அறிவிப்பு வந்தது. ஒரு ரிங்கிட் சிறிய தொகையாகத் தோன்றலாம். அது ஒரு குழந்தையின் தட்டில் முழு முட்டையாகவும் ஒரு துண்டு பழமாகவும் மாறுகிறது.

உதவியைத் திடீரென வெட்டுவது இதைவிடக் கடுமையானது. அண்டை நாடான இலங்கையின் வரலாறு இதற்குச் சான்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலிருந்து அங்கே பங்கீட்டு அரிசி மலிவு விலையில் வழங்கப்பட்டு வந்தது. 1953ஆம் ஆண்டில் நாட்டின் நிதிநிலை மோசமானது. அரசு ஒரு படி அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்திற்கு ஒரேயடியாக உயர்த்தியது. பள்ளிக் குழந்தைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்டு 12ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. உயிரிழப்புகளும் நேர்ந்தன. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

அரசுக்குப் பணப்பற்றாக்குறை என்பது பொய்யன்று. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஆனால், செலவைக் குறைக்க வேண்டிய நிலை வந்தாலும் எதை முதலில் குறைப்பது, எதைக் கடைசிவரை காப்பது என்ற வரிசை வேண்டும். ஏழையின் தட்டு அந்த வரிசையின் கடைசியில் இருக்க வேண்டும். மாற்றம் தேவையென்றால் முன்கூட்டியே அறிவித்து, படிப்படியாகச் செய்து, மிகவும் நலிந்தவர்களுக்கு மாற்று வழியையும் காட்ட வேண்டும்.

ஓட்டையை அடைக்கும் கைகள்

மூன்று ஓட்டைகளையும் ஒருசேரப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்குகிறது. முதல் ஓட்டையை மட்டும் அடைப்பதற்காகவே விதிகளை மேன்மேலும் இறுக்கினால், இரண்டாம் ஓட்டை பெரிதாகிவிடும். பத்துப் படிவங்களும் இருபது சான்றுகளும் கேட்டால் கள்ளன் தடுக்கப்படலாம்; எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் தடுக்கப்படுவார். எனவே, உதவியைக் காப்பது என்பது கதவைப் பூட்டுவது மட்டுமன்று. வரவேண்டியவருக்கு வழி திறந்து வைப்பதும்தான்.

இதில் மாணவர்களாகிய நமக்கும் பங்குண்டு. திறன்பேசியில் பாட்டு கேட்கத் தெரிந்த நமக்கு, எஸ்.டி.ஆர். அகப்பக்கத்தில் தாத்தாவின் விண்ணப்ப நிலையைப் பார்த்துச் சொல்வது கடினமா? சாரா உதவியைப் பயன்படுத்தக்கூடிய கடை அருகில் எங்கே உள்ளது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் கண்டறிந்து வீட்டிலுள்ள முதியவர்களுக்குச் சொல்லலாம். மலாய் மொழியில் வரும் கடிதத்தைப் படித்து விளக்கலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், மேல்முறையீடு செய்யும் காலம் முடிவதற்குள் அதை எழுத உதவலாம். வகுப்பில் கூடுதல் உணவு பெறும் நண்பனைக் கேலி செய்யாமல், அவனோடு சேர்ந்து அமர்ந்து உண்ணலாம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. நேரமும் மனமும் போதும்.

மீண்டும் புந்தோங்கிற்கு வருவோம். அன்று மாலை பேத்தி ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

“அக்கா, உங்க அம்மா பேரு என்ன? எந்தத் தோட்டத்துல இருந்தாங்க? நீங்க பொறந்தப்ப பக்கத்துல இருந்தவங்க யாராவது இன்னும் இருக்காங்களா? நீங்க படிச்ச தமிழ்ப்பள்ளியில உங்க பேரு பதிவு இருக்குமா?”

அக்கா முதலில் தயங்கினார். “எதுக்கும்மா இதெல்லாம்? எத்தனையோ தடவை அலைஞ்சாச்சு.”

“இன்னொரு தடவை போவோம்க்கா. பதிவிலாகாவுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வைச்சுக்குவோம். பள்ளி விடுமுறைல நானும் உங்க கூட வர்றேன்.”

அந்த ஒரு தாளால் மறுநாளே அடையாள அட்டை கிடைத்துவிடாது. காத்திருக்க வேண்டும், பலமுறை நடக்க வேண்டியும் வரலாம். ஆனால், இதுவரை யாருடைய கணக்கிலும் இல்லாத ஒருவரைப் பற்றி முதன்முறையாக ஒரு தாளில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். வாசலில் அமர்ந்திருந்த பாட்டி, உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அவ அம்மா பேரு எனக்குத் தெரியும்மா. அவ பொறந்தப்போ வெந்நீர் போட்டது நான்தான். எழுதிக்க, சொல்றேன்.”

சொற்பொருள் அறிவோம்

லயம் – தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகள்
துண்டாடுதல் – பெரிய தோட்டத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து விற்றல்
வறுமைக்கோட்டு வருமானம் – ஒரு குடும்பத்தின் அடிப்படைத் தேவைகளுக்கு வேண்டிய மிகக் குறைந்த வருமானம்
முறைகேடு – விதிக்கு மாறான செயல்
மேல்முறையீடு – ஒரு முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு விண்ணப்பித்தல்
ஹர்த்தால் – கடையடைப்பும் வேலை நிறுத்தமும் சேர்ந்த எதிர்ப்பு

சிந்தித்து விடையளிப்போம்

1. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு விலை ஏற்றம் ஏன் கூடுதல் சுமையாகிறது?
2. 2016ஆம் ஆண்டின் வறுமை விகிதம் இருவேறு எண்களாகக் கூறப்படக் காரணம் என்ன? அதிலிருந்து நீங்கள் அறிவது யாது?
3. உணவு உதவியை அனைவருக்கும் வழங்குதல், தேவைப்படுவோருக்கு மட்டும் வழங்குதல் ஆகிய இரு முறைகளின் நன்மையையும் குறையையும் ஒப்பிடுக.
4. விதிகளை இறுக்குவதால் மட்டும் உதவியைக் காத்துவிட முடியாது என்று கட்டுரை ஏன் கூறுகிறது?
5. உங்கள் குடியிருப்பில் உதவி கிடைக்காமல் விடுபட்ட ஒருவருக்கு நீங்கள் எவ்வாறு துணை நிற்பீர்கள்? 80 சொற்களில் எழுதுக.